சாமை வகைகளின் பாதுகாப்பில் அரவை இயந்திரத்தின் இடம்

அடி அண்ணாமலையை உள்ளடக்கிய திருவண்ணாமலை வட்டாரத்தில், அத்தியந்தல் என்னும் ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்கி வருகிறது. 'ஏ.டி.எல். 1' என்னும் மேம்படுத்தப்பட்ட சாமை இரகம் இம்மையத்தின் பங்களிப்பாகும். இதே மாவட்டத்துச் சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமையைத் தொடர்ந்து பயிரிடுகின்றனர். புதிய இரகம் பரவும் சூழலில் பழைய வகைகளைச் சிறு உழவர் கைவிடாதிருக்க எது துணைநிற்கும் என்பது இங்கு எழும் வினா. இதற்குக் கொல்லிமலையின் பட்டறிவு ஓரளவு விடை தருகிறது.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் சாமை என்பது ஒற்றைப் பயிரன்று. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகள் அங்கு வழங்கின. சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது இவற்றின் பரப்புச் சுருங்கியது. மரவள்ளி தந்த பணமே இதற்குக் காரணம் எனக் கூறுவது வழக்கம். அது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. கேழ்வரகை உமி நீக்காமலேயே மாவாக்கலாம். சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றின் உமியோ கடினமானது. அதை உரலில் இட்டுக் குத்திப் புடைக்கும் உழைப்பு முழுவதும் பெண்கள்மேல் விழுந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கத் தொடங்கிய பின் அவ்வுழைப்பை யார்தான் விரும்புவர்?

1990களிலிருந்து அங்குப் பணியாற்றிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஊர் விதை வங்கிகளோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் அறிமுகப்படுத்தியது. தன்னுதவிக் குழுக்கள் அவற்றை இயக்கின. பயிர்வகைப் பாதுகாப்பு என்றதும் விதை வங்கியே நினைவுக்கு வரும். ஆனால் விளைந்ததை உண்ணவும் விற்கவும் இயலாத உழவர் அடுத்த பருவத்திற்கு விதை கேட்டு வரமாட்டார். அவ்வகையில் இயந்திரத்தின் பங்கு வங்கியின் பங்கிற்குக் குறைந்ததன்று.

இயந்திரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வகைச் சாமையும் அரைத்தபின் 'சாமை அரிசி' என்னும் ஒரே பெயரில் விற்பனையாகிறது. இதனால் பயிர் நிலைபெறலாம். வகைகள் நிலைபெறும் என்பதற்கு உறுதியில்லை. நெல்லில் நிலை வேறு. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நடத்திய நெல் திருவிழாக்களில் உழவருக்கு 2 கிலோ விதை வழங்கப்பட்டது. அறுவடைக்குப்பின் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்விதைகள் பெயரோடு பரவின. மாப்பிள்ளைச் சம்பாவையும் கருங்குறுவையையும் நகரத்துக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகின்றனர். கட்டவெட்டிச் சாமைக்கு அத்தகைய சந்தைப் பெயர் இன்னும் அமையவில்லை.