செம்மண் தூசியும் மூடிய ஜன்னலும்



சந்தா விஷயமாக அண்மையில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பகல் பதினொரு மணி. வெயில் கொளுத்துகிறது. ஆனால் லயத்தில் ஒரு வீட்டு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. "ஏம்மா, உள்ளே வெந்து போகாதா?" என்று கேட்டேன். கதவைப் பாதி திறந்த அம்மா சொன்னார்: "தொறந்தா சோத்துல மண்ணு விழுது அண்ணே. குலை ஏத்துற லோரி நாளைக்கு எத்தன நடை போவுதுன்னு எண்ணிப் பாருங்க. சின்னவனுக்கு வேற இழுப்பு."

ஐந்தாம் படிவம் படிக்கும் அவர் மகள் இன்னொன்று கேட்டாள். "மாமா, ரேடோன்னு ஒரு வாயு வீட்டுக்குள்ளேயே இருக்காம். நுரையீரல்ல புற்றுநோய் வருமாம். நம்ம வீட்லயும் இருக்குமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தோட்டப் பள்ளியில் படித்தவன் நான். தெரிந்தவர்களைக் கேட்டும் படித்துப் பார்த்தும் இதை எழுதுகிறேன்.

கதிர்வீச்சு என்றாலே நம் மக்களுக்குப் பேராக்கில் புக்கிட் மேராதான் நினைவுக்கு வரும். அங்கே அரிய மண் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் வழக்குப் போட்டு, 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டே மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ரேடோன் அப்படி எந்த முதலாளியும் கொட்டிய கழிவு அல்ல. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து வரும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறும். வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். மூடிய அறையில் தங்கிவிடும்.

1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகும்போது கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. நிலையமோ இன்னும் ஓடவே தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால் அவர் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது! அதற்குப் பிறகுதான் வீட்டு ரேடோனைப் பற்றி உலகம் பெரிதாகப் பேசத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஓர் அளவு சொன்னது: ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல்; முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக் கூடாது. நுரையீரல் புற்றுநோயில் 100க்கு 3 முதல் 14 வரை இதனால் வருகிறது என்பது அவர்கள் கணக்கு. சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. (பெரட்டுக் களத்தில் காலையிலேயே பற்ற வைக்கும் அண்ணன்மார் கவனிக்க.)

அப்படியானால் நாம் பயப்பட வேண்டுமா? பெரிதாக வேண்டாம். குளிர் நாடுகளில் வீட்டை இறுக மூடிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் காற்று ஓடும். அதுவும் நம் தாத்தா பாட்டி இருந்த பழைய பலகை வீடு காலூன்றி நின்றது. அடியில் கோழி மேயும், காற்று போகும். மண்ணிலிருந்து எது வந்தாலும் அப்படியே வெளியேறிவிடும். ஒழுகல், கரையான் என்று அந்த வீட்டை எவ்வளவு திட்டியிருக்கிறோம்! இந்த ஒரு விஷயத்தில் அது நல்ல வீடு. இன்றைய கல் வீட்டுக்குச் சிமெண்டுத் தரை மண்ணிலேயே படுத்திருக்கிறது. அங்கே ஜன்னல் திறப்பதுதான் முதல் மருந்து, காசில்லாத மருந்து.

இன்னொன்று. பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது 2007 முதல் பெஸ்தாரி ஜெயா, ஈயம் தோண்டிய பூமி. முன்பு அங்கே கப்பல்கள் ஓடின. ஈயத்தோடு வரும் ஆமாங் மணலில் தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் உண்டு. வீட்டுக்குத் தரை போட மணல் வாங்கினால், எங்கே அள்ளிய மணல் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அந்த அம்மா எப்படி ஜன்னலைத் திறப்பார்? எல்லாம் திரும்பவும் சாலைக்குத்தான் வருகிறது.

செம்மண் சாலைக்குத் தார் போடுங்கள் என்று ஒரு நகராண்மை அலுவலகத்தில் முன்பு மனுக் கொடுத்தேன். "அது தோட்டத்து நிலம், எங்கள் சாலை அல்ல" என்றார்கள். தோட்ட அலுவலகத்திலோ, "வரி கட்டுகிறோம், நகராண்மையைக் கேள்" என்று பெரிய கிராணி சொல்லிவிட்டார். பந்து இரண்டு பக்கமும் உருண்டது. தூசி மட்டும் நம் வீட்டில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டுச் சட்டம் 133 பொதுத் தெரு, தனியார் தெரு என்று பிரிக்கிறது. பதிவேட்டில் ஏறிய மாநிலச் சாலைக்குத்தான் மத்திய அரசாங்கத்தின் சாலை மானியம் வரும். தோட்டத்துச் சாலை அதில் இல்லை. ஆனால் தனியார் தெருவைச் சீர்படுத்தும்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க அதே சட்டம் நகராண்மைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கோலசிலாங்கூரும் உலு சிலாங்கூரும் 2021இல் மாவட்ட மன்றத்திலிருந்து நகராண்மைக் கழகமாக உயர்ந்தன. பெயர்ப்பலகை உயர்ந்தது போதாது, நம் லயத்துப் பக்கமும் பார்க்க வேண்டும். வீடு பழுதென்றால் அது வேறு வழி: சட்டம் 446, 1990இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைப்பது முதலாளி பொறுப்பு. புகாரைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்கலாம்.

மனம் வைத்தால் தார் வரும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல் நடந்தபோது அந்த வட்டாரத்தில் சாலை வேலைகள் எவ்வளவு வேகமாக நடந்தன என்று கிழவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நகராண்மை உறுப்பினர்களுக்கோ தேர்தலே இல்லை. 1965இல் நிறுத்தியது நிறுத்தியதுதான். அதனால் எழுத்தில்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் அன்றே மனு எழுதினோம். தார் போட நாளாகும். அதுவரை வறட்சி நாளில் தண்ணீர் லோரி விட வேண்டும், லயத்தருகே லோரி மெதுவாகப் போக வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. ஒரு பிரதி மேனேஜருக்கு, ஒன்று நகராண்மைக்கு, ஒன்று தொழிலாளர் இலாகாவுக்கு. நம் பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். லோரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பதில் வந்ததும் இதே பகுதியில் எழுதுகிறேன்.