பிளாஸ்டிக் பாகங்களில் உருவாகும் டிரெய்லர் லாரி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் டிரெய்லர் லாரி உண்மையில் இரண்டு வண்டிகள். முன்னால் இழுத்துச் செல்வது டிராக்டர்; பின்னால் சரக்கு சுமப்பது டிரெய்லர். டிரெய்லருக்கு முன் சக்கரங்கள் கிடையாது. அதன் முன்பாரம் டிராக்டரின் முதுகில் உட்காருகிறது. டிராக்டருக்குப் பத்து டயர், டிரெய்லருக்கு எட்டு என மொத்தம் 18 டயர்கள். இந்த வகை டிரெய்லரின் முன்னோடிகளில் ஒன்றை 1914இல் டெட்ராய்ட் நகரக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் செய்தார். மர வியாபாரி ஒருவரின் படகை ஃபோர்டு கார் இழுத்துச் செல்வதற்காக அது செய்யப்பட்டது.

இந்த வண்டிகளைச் சிறிய அளவில் கட்டுவதற்கான பிளாஸ்டிக் கிட்டுகள் பல பத்தாண்டுகளாகக் கடைகளில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் பீட்டர்பில்ட் 359 டிராக்டரையும் ஃப்ரூஹாஃப் டிரெய்லரையும் 1/25 அளவில் வெளியிட்டது. இத்தாலியின் இட்டாலெரி நிறுவனம் ஐரோப்பிய லாரிகளை 1/24 அளவில் தருகிறது. 40 அடி டிரெய்லர் 1/25 அளவில் சுமார் 49 செ.மீ. நீளம் வரும், 1/24இல் சுமார் 51 செ.மீ. ஆகும். டிராக்டரும் டிரெய்லரும் ஒரே அளவில் இருந்தால்தான் பொருத்தம் சரியாக அமையும்.

கிட்டில் இருப்பவை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பாகங்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி இவற்றை வார்க்கிறார்கள். பிளாஸ்டிக் ஓடிய வழிகள் குச்சிகளாக உறைந்து, பாகங்களைச் சட்டம்போல் பிடித்துக்கொண்டிருக்கும். பாகத்தைக் கையால் முறித்து எடுத்தால் அதன் விளிம்பு பிய்ந்துவிடும். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கூரிய கத்தியால் சீவி, 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். புகைக்குழாய், எண்ணெய்த் தொட்டி போன்ற உருண்டைப் பாகங்களில் அது நன்றாகத் தெரியும். பெயின்டுக்கு முன்பே அதையும் தேய்த்துவிட வேண்டும்.

பாலிஸ்டைரீனை ஒட்டும் திரவம் சாதாரணப் பசை அல்ல. அது இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்து, பிறகு ஆவியாகிவிடுகிறது. இணைப்பு ஏறக்குறைய பற்றவைத்ததுபோல் ஆகிறது. பளபளக்கும் குரோம் பூசிய பாகங்களில் உலோகப் படலம் குறுக்கே நிற்பதால் இது வேலை செய்யாது. ஒட்டுமிடத்தில் மட்டும் படலத்தைச் சுரண்டிவிட வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியைப் பனிபோல் மங்கலாக்கிவிடும்.

கட்டும் வேலை சேஸிலிருந்து தொடங்குகிறது. இரண்டு நீண்ட சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகளும்தான் வண்டியின் முதுகெலும்பு. கமான்பட்டை, ஆக்சில், என்ஜின், கேபின், டிரெய்லரின் பாரம் எல்லாம் இதன் மேல்தான் ஏறுகின்றன. சட்டம் சற்றே முறுக்கிக்கொண்டாலும் ஒரு சக்கரம் தரையைத் தொடாது. கேபினும் பின்னால் வரும் டிரெய்லரும் சாயும். அதனால் சேஸைத் தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டியது முழுதாக இறுகும் வரை ஓர் இரவு அசைக்காமல் விடுவது நல்லது.

என்ஜினைத் தனியாகக் கட்டி, பெயின்ட் அடித்த பிறகு சேஸில் இறக்குவார்கள். கேபினுக்கு முதலில் பிரைமர். தேய்ப்பில் விடுபட்ட கீறல்கள் அப்போது வெளிப்படும். அவற்றைச் சரிசெய்த பின் நிறத்தை ஒரே தடவை கனமாக அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். கனத்த பூச்சு கதவின் இடைக்கோடுகளையும் ஆணித்தலைகளையும் மூழ்கடித்துவிடும்.

டிரெய்லர் பெட்டியில் பாகங்கள் குறைவு; ஆனால் நீண்ட, மெல்லிய பக்கப் பலகைகள் எளிதில் வளையும். தரை, முன்சுவர், பக்கங்கள் மூன்றையும் மூலைமட்டம் வைத்துப் பொருத்தி, நாடாவால் கட்டி உலரவிட வேண்டும். டிரெய்லரின் அடியில் நீளும் கிங் பின், டிராக்டரின் முதுகிலுள்ள தட்டில் மாட்டிக்கொள்கிறது. உண்மை லாரியில் 2 அங்குலத் தடிமனான அந்த ஆணி 1/25 மாதிரியில் 2 மில்லிமீட்டர்தான். மாட்டியபின் டிராக்டரை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் முன்மூலை கேபினில் இடித்தால், தட்டை ஒட்டுவதற்கு முன்பே சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். இணைத்தே வைக்கும் மாதிரியில் டிரெய்லரின் தாங்குகால்கள் தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும்; தனியே நிறுத்துவதானால் தரையைத் தொட வேண்டும்.

முதன்முறை கட்டுபவர்கள் டிராக்டரை முடித்த பிறகு டிரெய்லரைத் தொடங்குவது நல்லது. டிரெய்லரின் உயரமும் மட்டமும் டிராக்டரைப் பொறுத்தே அமைகின்றன. நிறத்தில் வரும் குறையைப் பின்னாலும் திருத்தலாம். இறுகிவிட்ட சேஸின் கோணலைத் திருத்துவது மிகக் கடினம். ஆகவே அதிகப் பொறுமையைச் செலவிட வேண்டிய இடம் சேஸ்தான்.