பாப்பாவின் கால் மடங்கியே இருக்கட்டும்

இரண்டு மாதத்துக்கு முன் புக்கிட் ரம்பாயில் அக்கா வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். முதல் பிள்ளை, பெண். வயிற்றில் தலை மேலே, புட்டம் கீழே இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குளிப்பாட்டி முடித்த பெரியம்மா, பாப்பாவின் இரண்டு கால்களையும் நேராக இழுத்துச் சேர்த்து, பழைய கைலித் துணியில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். மலாய்க்காரர்கள் 'பெடோங்' என்கிறார்களே, அதே கட்டுதான்.

"இப்படிச் சுத்தலன்னா கால் வளைஞ்சி போயிரும் கண்ணு" என்றார்.

வானொலியில் மருத்துவர்களோடு பேசிப் பேசி எனக்கு இந்த விஷயம் கொஞ்சம் பழக்கம். பிறந்த பிள்ளையின் கால் வளைந்துதான் இருக்கும், தானே நிமிரும். கவலைப்பட வேண்டியது இடுப்பைப் பற்றி.

தொடை எலும்பின் உச்சியில் பந்து போல ஓர் உருண்டை. அது உட்கார இடுப்பெலும்பில் கிண்ணம் போல ஒரு குழி. இதன் லத்தீன் பெயர் அசிட்டாபுலம். ரோமானியர்கள் வினிகர் ஊற்றி வைத்த சின்னக் கிண்ணத்தின் பெயர் அது. மூன்று எலும்புகள் இந்தக் குழியில்தான் சந்திக்கின்றன. கைக்குழந்தைக்கு அவற்றின் நடுவே வெறும் குருத்தெலும்பு. மூன்றும் முழுதாக ஒட்டிக்கொள்ளப் பதின்ம வயதாகிவிடும்.

பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி குழிக்குள் இருந்து சுற்றினால்தான் இரண்டும் பொருந்தி வரும். இடுப்பும் அப்படித்தான். பந்து நடுக்குழியில் அழுந்தி இருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். முட்டி மடங்கி, தொடை தவளைபோல் அகன்றிருக்கும்போது பந்து சரியாக உட்காரும். நேராக இழுத்துக் கட்டினால் விளிம்புப் பக்கம் தள்ளப்படும்.

ஜப்பானில் 1970களின் நடுவில், பிள்ளைகளின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். நூற்றில் ஒரு பிள்ளைக்கு மேல் இருந்த இடுப்பு நழுவல், ஐந்நூறில் ஒன்றுக்கும் கீழே போனது. தோட்டத்தில் நம் பாட்டிமார்களும் கழுத்து நின்ற பிள்ளையை ஒக்கலில், காலை அகட்டித்தானே தூக்கினார்கள்!

பெண் பிள்ளை, தலைப்பிள்ளை, புட்டம் கீழாக இருந்த பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது இருந்த பிள்ளை: இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அக்கா மகளுக்கு முதல் மூன்றும் பொருந்தின. வம்பு என்னவென்றால், இது வலிக்காது. பாப்பா அழாது. பம்பர்ஸ் மாற்றும்போது ஒரு தொடை மட்டும் சரியாக விரியாது, முட்டியை மடக்கி வைத்தால் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான். அதுகூடத் தெரியாமல் போகலாம். அதனால் புட்டம் கீழாக இருந்த பிள்ளைக்கு ஆறு வார வாக்கில் இடுப்பு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில் தெரியும்.

ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் துணிவார் போதும், காலை மடக்கி அகட்டி வைத்திருக்கும். நடக்க ஆரம்பித்த பிறகு தெரியவந்தால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். கவனிக்காமலே விட்டால் காலம் முழுக்க நொண்டல், இளவயதிலேயே மூட்டுத் தேய்மானம்.

அக்காவிடம் வற்புறுத்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இடது குழி ஆழம் குறைவு. பெரியம்மா மேல் பழி போட முடியாது, வயிற்றிலேயே வந்ததாக இருக்கலாம். இப்போது பாப்பா வாரோடு இருக்கிறாள். கைலித் துணி மார்பு வரை மட்டும்தான், கால் பக்கம் தளர்வாக. தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட முடியவில்லையே என்பதுதான் பெரியம்மாவின் ஆகப் பெரிய குறை. தினம் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்.