வெயிலும் கலர் பாட்டிலும்



சித்திரை, வைகாசியில் நம் கடைகளில் சோடா, கலர் விற்பனை கூடும். கூடவே "கேஸே இல்லையே" என்ற புகாரும் வரும். வாடிக்கையாளர் கடைக்காரரைக் குறை சொல்வார். கடைக்காரர் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளைக் குறை சொல்வார். பல நேரங்களில் குற்றவாளி சூடுதான்.

இப்பானங்களில் அடைக்கப்படுவது கரியமில வாயு. சர்க்கரை சுடுநீரில் நன்றாகக் கரையும்; வாயுவின் குணம் நேர்மாறு. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டராகும். 40 டிகிரியில் ஏறக்குறைய அரை லிட்டர்தான்.

ஆனால் கோலா வகைகளில் லிட்டருக்குச் சுமார் 4 லிட்டர் வாயு இருக்கிறதே, எப்படி? அழுத்தம் கூடினால் கரையும் அளவும் அதே விகிதத்தில் கூடும். இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி 1803-இல் இதை எடுத்துரைத்தார். அதனால்தான் அழுத்தத்தில் அடைத்து இறுக மூடுகிறார்கள். கோலி சோடாவில் கோலியை வாயோடு சேர்த்து நிறுத்துவதும் இந்த அழுத்தமே.

மூடிய பாட்டில் சூடானால் வாயு தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே உள்ள சிறு இடத்தில் நெருக்கும். குளிர்பெட்டியில் காற்றழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்காக இருக்கும் உள் அழுத்தம், 40 டிகிரியில் ஏழு மடங்கை எட்டும். கீறல் விழுந்த கண்ணாடி பாட்டில் வெடிப்பது இதனால்தான். கடைப் பையனின் கண்ணுக்கே ஆபத்து.

கண்ணாடி பாட்டிலை மறுபடி குளிர வைத்தால் வாயு திரும்பக் கரைந்துவிடும்; நஷ்டமில்லை. சூடாக இருக்கும்போதே திறந்தால் நுரைத்துப் பொங்கி வாயு போய்விடும். அதன்பின் ஐஸ் போட்டுப் பயனில்லை.

பிளாஸ்டிக் பாட்டில் கதை வேறு. அதன் சுவர் வழியே வாயு மெல்ல மெல்லக் கசியும். சூட்டில் கசிவு வேகமாகும். போன வாயு திரும்பாது. சிறிய பாட்டிலில் பானத்தின் அளவுக்குச் சுவரின் பரப்பு அதிகம் என்பதால் அதுவே முதலில் சப்பென்று ஆகும்.

ஆகவே, கடையில் கவனிக்க வேண்டியவை:

1. பெட்டிகளைக் கடை வாசலில் வெயில் படும்படி அடுக்க வேண்டாம். தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம்.

2. முதலில் வந்த சரக்கை முதலில் விற்கவும். சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களை அதிக நாள் தேக்க வேண்டாம்.

3. பாட்டிலை அமுக்கிப் பார்ப்பதானால் ஒரே குளிர்ச்சியில் உள்ள இரண்டை ஒப்பிடவும். சூடான பாட்டில் வாயு குறைந்திருந்தாலும் விறைப்பாகத் தெரியும். குளிர்ந்தது நல்ல சரக்கானாலும் சற்று இளகியிருக்கும்.

4. அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட வேண்டாம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், பாட்டில் உடையும்.

5. வண்டியில் குலுங்கி வந்த சரக்கை ஆறவிட்டு, நன்றாகக் குளிர வைத்தபின் திறந்து கொடுக்கவும்.

நிழலுக்குச் செலவு கிடையாது. சப்பென்ற ஒரு பாட்டிலால் போகும் வாடிக்கையாளரோ, அடுத்த கடையில் மளிகைச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.