டியூஷன் அக்கா டீச்சர் ஆவது எப்படி?

வடசென்னையின் காசிமேடு, எண்ணூர்க் குப்பங்களில் பொழுது சாய்ந்தால் பிளஸ் டூ படிக்கும் ஏதாவதொரு பெண்ணைச் சுற்றிப் பொடிப்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் 52-லிருந்து 37-ஐக் கழித்து 25 என்று எழுதுகிறான். இரண்டிலிருந்து ஏழு போகாதே, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். “அம்மாகிட்ட அம்பத்திரண்டு ரூபா. முப்பத்தேழுக்கு ஐஸ் வாங்கிட்டாங்க. மீதி இன்னா?” என்று அவள் கேட்கிறாள். மீன் விற்கும் அம்மாவின் மகன் யோசிக்காமல் பதினைந்து என்கிறான். அதற்குப் பிறகே கடன் வாங்கிக் கழிப்பதை நோட்டில் போட்டுக் காட்டுகிறாள்.

பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியர் பயிற்சியில் பாதி. அது அவளுக்குக் கைவந்துவிட்டது. இதையே வேலையாக்கும் வழியைத்தான் யாரும் சொல்வதில்லை.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது இந்த ஊரில் பழைய கதை. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இருந்தார். எழும்பூர் அநாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களையே ஆசிரியர்களாக்கி, அந்த அனுபவத்தை 1797-ல் லண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. (ஆசிரியர் சம்பளம் மிச்சமானதும் ஒரு காரணம்.) 2021-ல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டமும் பிளஸ் டூ முடித்தவர்களை ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர அனுமதித்தது, மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.

தொடக்கப் பள்ளி ஆசிரியராக, பிளஸ் டூவில் 50 சதவீதம் எடுத்து இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 45. பி.எட். தொடக்கப் பள்ளி வேலைக்குச் செல்லாது என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் தாள் ஒன்றில் தேறினாலும் நியமனத்துக்குத் தனித் தேர்வு உண்டு.

ஆறு முதல் பத்து வரை எடுக்க, பட்டமும் பி.எட்.டும் வேண்டும். வம்பு இங்கேதான். எந்தப் பாடத்தில் பட்டமோ அந்தப் பாடம்தான் எடுக்கலாம். துறைமுகப் பக்கம் கிளியரிங் ஆபீஸ் வேலையை நம்பி காமர்ஸ் குரூப் எடுக்கும் பிள்ளைகள் நிறைய. பி.காம். மட்டும் படித்தவருக்கு இந்த பி.எட். கதவு திறக்காது, எம்.காம். முடித்து வந்து, மேல்நிலை வகுப்புக்குத்தான் போக முடியும். இதைப் பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எழுதிக்கொடுக்கும் நாளில் சொல்ல வேண்டும். சொல்லப்படுவதோ, பெரும்பாலும் எந்தக் குரூப்புக்கு எத்தனை மார்க் என்பதுதான். ஆசிரியர் ஆசை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு கையெழுத்து டெட்டைவிடப் பெரிய தேர்வு.

மேற்படிப்புச் செலவுக்கு, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பர் 5-ல் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பி.எட்.டுக்கு சைதாப்பேட்டை அரசுக் கல்லூரி கிடைத்தால் தூரமும் சாக்கில்லை: விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேரே போய் இறங்கலாம்.