இரண்டாம் ஆயுள் – 9: பென் டிரைவில் வந்த உயிர்

சென்ற வாரம் ரவுட்டர். இந்த வாரம் முகமுள்ள ஒரு பெட்டி.

2009ல் பிரிட்டனின் ஓ2 தொலைபேசி நிறுவனம் ஜாக்ளர் என்ற சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் தொடுதிரை, பின்னால் ஒரு தாங்கி, உள்ளேயே ஸ்பீக்கர். சமையலறை மேடையில் நிறுத்திவைக்கலாம். பிள்ளைக்குக் கால்பந்துப் பயிற்சி, அம்மாவுக்குப் பல் மருத்துவர் என்று வீட்டார் எல்லாருடைய வேலைகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்துவைத்தால், நேரம் வரும்போது அவரவர் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். வடிவமைத்தது ஓப்பன்பீக் என்ற அமெரிக்க நிறுவனம். விலை ஏறக்குறைய 150 பவுண்டு.

அந்த விலைக்கு அதிகம் பேர் வாங்கவில்லை. 2010ல் ஐபேட் வந்தது. அதே ஆண்டு ஜாக்ளரை 50 பவுண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகுதான் அதற்கு உரியவர்கள் கடைக்கு வந்தார்கள். நாட்காட்டி வேண்டும் என்று வந்தவர்கள் அல்ல. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வந்தவர்கள்.

உள்ளே இருந்தது 1.33 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் ஆட்டம் சிப். கூடவே 512 எம்.பி. ராம், 1 ஜி.பி. சேமிப்பு, வைஃபை, நெட்வொர்க் கேபிளுக்கு ஓர் இடம், ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை. அதாவது அது ஒரு முழுக் கணினி. உள்ளே ஓடிக்கொண்டிருந்ததும் லினக்ஸ்தான். அதன் மேல் நாட்காட்டி, வானிலை, செய்தி என்று நாலைந்து படங்களைப் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஜாக்ளரைக் காப்பாற்றியது சிப்பும் அல்ல, ராமும் அல்ல. மின்சாரம் கொடுத்ததும் அது முதலில் யு.எஸ்.பி. துளையைத்தான் பார்க்கும். அங்கே செருகியிருக்கும் பென் டிரைவில் தொடக்கக் கோப்பு இருந்தால், எதுவும் கேட்காமல் அதிலிருந்தே இயங்கத் தொடங்கும். கையொப்பச் சோதனை இல்லை, கடவுச்சொல் இல்லை. பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தால், பழைய ஓ2 திரை அப்படியே வரும். சோதித்துப் பார்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? தப்பாகப் போனாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பயமில்லாத இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஆள் சேரும். ஆகவே, உள் சேமிப்பை அழித்துப் புது இயங்குதளத்தை அங்கேயே பதிக்கும் வேலையை யாரும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம் என்பேன். அந்த வசதி இருந்தாலும், பென் டிரைவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

உபுண்டு என்ற லினக்ஸ் ஏறியது. மகிழ்ச்சி உடனே தீர்ந்தும் போனது, காரணம் திரை. ஆட்டம் சிப்போடு இன்டெல் சேர்த்திருந்த ஜிஎம்ஏ 500 கிராஃபிக்ஸ் பகுதி இன்டெலின் சொந்தச் சரக்கு அல்ல. பவர்விஆர் என்ற பெயரில் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் நிறுவனம் உருவாக்கியதை உரிமம் பெற்று வைத்திருந்தார்கள். இன்டெலின் மற்ற கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு லினக்ஸில் திறந்த டிரைவர் இருந்தது, இதற்கு இல்லை. மூடிய டிரைவர் ஒன்று கிடைத்தது, ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு முறை முன்னேறும்போதும் அது பின்தங்கியது. படம் வந்தால் தொடுதல் வராது, தொடுதல் வந்தால் வீடியோ திக்கும். 2011ல் கெர்னல் நிரலர் ஆலன் காக்ஸ் எழுதிய திறந்த டிரைவர் கெர்னலுக்குள் சோதனை நிலையில் சேர்ந்தது. 2012ல் வந்த 3.3 பதிப்பில் முறையாக இடம்பிடித்தது. அதிலும் முப்பரிமாண வேகம் கிடையாது. ஆனாலும் படம் ஒழுங்காக வந்தது; கெர்னல் மாறினால் டிரைவரும் கூடவே மாறியது. ஒரு சாதனம் நீண்ட நாள் வாழ வேண்டுமானால் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, இதைத்தான்.

திரையின் அளவும் சோதித்தது. 800க்கு 480 புள்ளிகள். மேசைக் கணினிக்காக எழுதிய ஜன்னல்கள் அதில் அடங்காது; ‘சரி’ என்று அழுத்த வேண்டிய பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். முழுக் கணினியாக்க முயன்றவர்கள் இதனாலேயே சலித்தார்கள். ஒரே ஒரு வேலையைக் கொடுத்தவர்களுக்குத்தான் ஜாக்ளர் கைகொடுத்தது.

அந்த ஒரு வேலை பலருக்கும் இசையாக இருந்தது. லாஜிடெக் நிறுவனம் 2010ல் ஸ்குவீஸ்பாக்ஸ் டச் என்ற வீட்டு இசைக் கருவியை விற்றுவந்தது. அதன் மென்பொருளுக்கு மூல நிரல் வெளியில் கிடைத்தது. ஆர்வலர்கள் அதை எடுத்து ஜாக்ளருக்குப் பொருத்தினார்கள். கைவிடப்பட்ட நாட்காட்டிப் பெட்டி, தொட்டால் பாடும் பெட்டியானது. இங்கேதான் எனக்கு மனம் நிறைகிறது: 2012ல் லாஜிடெக்கே ஸ்குவீஸ்பாக்ஸைக் கைவிட்டது. 2024ல் அதன் இணைய சேவையையும் மூடியது. ஆனால் வீட்டுக் கணினியில் ஓடும் சர்வர் மென்பொருளின் நிரல் திறந்திருந்ததால், இன்று லிரியான் என்ற புதுப் பெயரில் ஆர்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். ஓ2வின் நாட்காட்டி சர்வர் போன தடமில்லை. அந்தப் பெட்டியில் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான தொடுதிரைப் பெட்டிகளில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத எதையும் அவை இயக்கா. 2022ல் ஃபிரெடெரிக் பாஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கூகுள் நெஸ்ட் ஹப்பின் இரண்டாம் தலைமுறைச் சாதனத்தில் உபுண்டுவை ஓடவைத்தார். அதற்கு அவர் சாதனத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் நிரலின் யு.எஸ்.பி. பகுதியில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகையைப் பென் டிரைவ் போல நடிக்கவைத்து, அந்தப் பிழை வழியே உள்ளே போனார். ஜாக்ளரில் சாதாரணப் பென் டிரைவால் யார் வேண்டுமானாலும் செய்ய முடிந்ததை, இங்கே தேர்ந்த ஆய்வாளர் ஒருவர் ஓட்டை தேடித்தான் செய்ய முடிகிறது. திருடனைத் தடுக்கப் பூட்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர் கையில் ஒரு சாவியாவது இருக்க வேண்டும். நிறுவனம் சர்வரை மூடும் நாளிலாவது அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சட்டமாக வர வேண்டிய விஷயம் இது என்றே நினைக்கிறேன்.

பழைய ஜாக்ளர் கையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் சிப் 32 பிட். 2025ல் வந்த டெபியன் லினக்ஸ் 13ல் அத்தகைய கணினிகளுக்கான நிறுவல் வசதி நின்றுவிட்டது. டெபியன் 12 வரை பார்க்கலாம். 512 எம்.பி. ராமில் இன்றைய பிரவுசர் மூச்சுத் திணறும், அதைத் திறக்க முயல வேண்டாம். இசை, கடிகாரம், புகைப்படம் போதும்.

அடுத்த வாரம் சம்பி. மூன்றரை அங்குலத் திரையும் மெத்தென்ற உடலுமாக 2008ல் வந்த அந்தக் கடிகாரப் பெட்டியின் சுற்று வரைபடங்களை அதைச் செய்தவர்களே வெளியிட்டார்கள். 2012ல் நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.