ஒருத்தருக்குக்கூடவா தெரியவில்லை?

மோசமான படம் பார்த்துவிட்டுப் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நண்பர்கள் கூடினால் ஒரே கேள்விதான் வரும். "இவ்வளவு பணம் போட்டு எடுத்தவர்களில் ஒருத்தருக்குக்கூடவா இது தேறாது என்று தெரியவில்லை?" 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தபோது மலாக்காவில் இந்தக் கேள்வியை நான் நிறையவே கேட்டேன். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் அப்பாவுக்கு 1996இல் வந்த முதல் 'இந்தியன்' உயிர். இரண்டாம் பாகத்தில் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

ஷங்கருக்குப் படம் எடுக்கத் தெரியாது என்றோ, கமல்ஹாசனுக்கு நடிக்கத் தெரியாது என்றோ யாரும் சொல்ல முடியாது. அப்படியென்றால் கோளாறு எங்கே? படம் கடந்து வந்த பாதையைப் பார்த்தால் ஓரளவு புரியும். 2019 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியது. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அடுத்து கோவிட் வந்தது. 2021இல் தயாரிப்பு நிறுவனமான லைக்கா, இந்தப் படத்தை முடிக்காமல் ஷங்கர் வேறு படம் இயக்கக்கூடாது என்று நீதிமன்றம் போனது. அதே ஆண்டு நடிகர் விவேக் காலமானார். 2022இல்தான் வேலை மீண்டும் தொடங்கியது. எடுத்த காட்சிகள் ஒரு படத்துக்குள் அடங்காததால் மூன்றாம் பாகம் ஒன்றும் முளைத்தது. கடைசியில் 2024 ஜூலை 12இல் மூன்று மணி நேரப் படமாக வெளிவந்தது. சில நாளிலேயே சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள்.

இத்தனை ஆண்டுகளில் யாராவது ஒருவர் "கதை காலாவதியாகிவிட்டது, நிறுத்திவிடலாம்" என்று சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க முடியுமா? எங்கள் பொறியியல் பொருளாதார வகுப்பில் 'மூழ்கிய செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஏற்கெனவே போன பணம் திரும்பாது. அதனால் இனி என்ன செய்வது என்பதை அந்தப் பணத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. தேர்வில் இதை எல்லாரும் சரியாக எழுதிவிடுவோம். கோடிக்கணக்கில் கடன் வாங்கி, வட்டி ஏறிக்கொண்டிருக்கும் தயாரிப்பாளரால் அப்படி யோசிக்க முடியாது. நிறுத்தினால் நட்டம் உறுதி. முடித்துவிட்டால் ஏதாவது தேறலாம்.

அந்த 'ஏதாவது' சின்னத் தொகையும் அல்ல. பெரிய நடிகர் படம் என்றால் பாடல், தொலைக்காட்சி, ஓடிடி, வெளிநாட்டு உரிமைகள் பெரும்பாலும் படம் வெளிவரும் முன்பே விலைபோய்விடும். விற்பது கதையை வைத்து அல்ல, நடிகரின் பெயரையும் வெளியீட்டுத் தேதியையும் வைத்து. அதனால் கதை பலவீனமாக இருந்தாலும் வியாபாரம் நிற்பதில்லை. படம் ஓடாவிட்டால் அடி பெரும்பாலும் விநியோகஸ்தர்களுக்கும் திரையரங்குக்காரர்களுக்கும்தான். 2002இல் 'பாபா' தோற்றபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தது இன்றும் பேசப்படுகிறது. அது அபூர்வம் என்பதால்தான் பேசுகிறோம்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. தமிழ்ப் படங்களுக்கு மலேசியா முக்கியமான வெளிநாட்டுச் சந்தை. முதல் நாள், முதல் காட்சி, விமர்சனம் வரும் முன்பே டிக்கெட். மோசமான படம் பணத்தைக் கொஞ்சமாவது மீட்பது அந்த மூன்று நாளில்தான். பாட்டி காலத்தில் இப்படி இல்லையாம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பட்டணத்தில் ஓடி முடிந்து பல மாதம் கழித்துத்தான் அது தோட்டத்துக்கு வரும். "ஓடாத படத்த எவன்டா தூக்கிட்டு வருவான்?" என்கிறார் பாட்டி. லயத்துச் சனம் தங்களை அறியாமலேயே வடிகட்டிய படங்களைப் பார்த்திருக்கிறது.

சரி, பார்க்காமலே இருந்துவிடலாமா? என்னால் முடியாது, கமல் படம் என்றால் போய்விடுவேன். ஆனால் இன்னொரு கணக்கு எனக்கு உறுத்துகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015இல் வந்தது. தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புறம்போக்கு வீடுகளில் குடியேறிய நம் குடும்பங்களின் கதை அது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதையும் வாங்கியது. என் வகுப்பிலுள்ள தமிழ் மாணவர்களிடம் கேட்டேன்; பாதிப் பேர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. 'இந்தியன் 2'ஐ எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

ஐந்தாம் படிவம் படிக்கும் என் சித்தப்பா மகள் குறும்படம் எடுக்கப்போகிறாள். கைப்பேசிதான் கேமரா. இப்போது நான்காவது முறையாகக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது திருத்தத்தை அவள் அம்மா படித்துவிட்டு, "கடைசியில எதுக்கு எல்லாரும் அழறாங்க?" என்று கேட்டாராம். அந்த நான்கு பக்கத்தையும் அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டாள். ஒரு காசு செலவில்லை.